குதிரையின் கன்னத்தில் அத்தாவின் கை

அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். அறுபத்திரண்டு வயதில், ஓய்வு பெற்ற ஒரு டீச்சர், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுகிற பிள்ளை மாதிரி அம்மாவிடம் பொய் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று எரிச்சலாகவும் இருந்தது.

"அத்தா படத்துக்குக் கண்ணாடி ஒடஞ்சிருக்கு. மாத்திட்டு வாரேன்" என்றேன்.

அம்மா தொழுகை விரிப்பை மடித்துக்கொண்டே, "ஒடையலையே" என்றாள்.

"ஓரத்துல கீறல்."

"எந்த ஓரத்துல?"

நான் செருப்பை மாட்டிக்கொண்டேன். எண்பது வயதிலும் அந்த மனுஷிக்குக் கண் அவ்வளவு தெளிவு. அதற்கே பயந்துகொண்டு நாகல் நகர் முனையில் முதலில் வந்த ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

பைக்குள் இருந்தது எங்கள் வீட்டில் அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, இருக்கிற ஒரே படம். எனக்கு ஒன்பது வயதாகும்போது மஞ்சள் காமாலையில் அத்தா போய்விட்டார். திண்டுக்கல் ஸ்டேஷன் வாசலில் குதிரை வண்டி ஓட்டியவர். படத்தில் எங்கள் வெள்ளைக் குதிரைக்குப் பக்கத்தில் நிற்கிறார். ஒரு கையில் கடிவாள வார். இன்னொரு கை குதிரையின் கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி அகலமாகப் பதிந்திருக்கும். வெயிலில் எடுத்த படம். தலைப்பாகை நிழல் விழுந்து முகம் பாதி தெரியாது. கைதான் நன்றாகத் தெரியும். ஆகவே அத்தா என்றால் எனக்கு அந்தக் கைதான். என்னைப் பெண் பார்க்க வந்தவரிடம்கூட அந்தப் படத்தைக் காட்டி, "குதிரையையே இப்படித் தடவிக் குடுத்த மனுசன்" என்று பெருமை அடித்திருக்கிறேன். அவர் பாவம், அதற்குமேல் என்ன சொல்ல முடியும், தலையை ஆட்டினார்.

அந்தக் குதிரை மேல் எனக்கு ஒரு கோபமும் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். அம்மா அதற்கு மருதாணி வைப்பாள். இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை, கொல்லையில் இருந்த மருதாணி மரத்தில் இலை பறித்து அம்மியில் அரைத்து, அதன் இரண்டு கன்னத்திலும் வட்டமாக அப்புவாள். வெள்ளைக் குதிரைக்குச் சிவந்த கன்னம். தெருவில் எல்லோரும் நின்று பார்ப்பார்கள். மிச்சம் இருந்தால்தான் எனக்கு. அத்தா இறந்து அம்மா இத்தாவில் இருந்தபோதுகூட இது நிற்கவில்லை. கணவர் இறந்த பெண் நாலு மாதம் பத்து நாள் எந்த அலங்காரமும் செய்துகொள்ளக் கூடாது, மருதாணி கூடவே கூடாது. அம்மா விரலில் சாயம் படாமல் ஈர்க்குச்சியால் எடுத்துக் குதிரைக்கு வைத்தாள். அந்த வருஷம் பெருநாளும் அந்த நாட்களுக்குள்ளேயே வந்தது. தெருப் பிள்ளைகள் எல்லாம் கையை விரித்துக் காட்டிக்கொண்டு திரிந்தன. எனக்கு வைக்கவில்லை. குதிரைக்கு வைத்தாள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இது எப்படி இருந்திருக்கும்? அதை இன்றுவரைக்கும் நான் மறக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பழைய ஆசிரியர்களின் வாட்ஸப் குழுவில் ஒரு அறிவிப்பு வந்தது. தொப்பம்பட்டிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் மட்டக்குதிரைகளுக்கென்று ஒருவர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறாராம். பழைய படங்கள், வண்டிச் சாமான்கள் இருந்தால் தரலாமாம். முதலில் சிரித்தேன். குதிரைக்கு அருங்காட்சியகம், அதிலும் குட்டைக் குதிரைக்கு! ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் விலங்கியல் நடத்தியவள் நான். ஐந்து விரல் எப்படி ஒரு குளம்பாகச் சுருங்கியது என்று கரும்பலகையில் எத்தனை தடவை வரைந்திருப்பேன்! மட்டக்குதிரை தனி இனமா, இல்லை வெறுமனே வளராமல் போன குதிரையா என்று எனக்கே தெரியாது. அது உறுத்தியது. போன் பண்ணினேன். அவர் படத்தில் காது தெரிகிறதா என்று மூன்று தடவை கேட்டார். என் அத்தாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நகல் வேண்டாமுங்க. அசல் படம் வேணுமுங்க. நகல்ல மயிரு தெரியாதுங்க" என்றார்.

கொண்டுவருகிறேன், தருவதா வேண்டாமா என்பதை அங்கே வந்து பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வேன் என்று கறாராகச் சொல்லி வைத்தேன்.

ஒட்டன்சத்திரத்தில் பஸ் நின்றது நின்றதுதான். முட்டைக்கோஸ் ஏற்றின லாரி ஒன்று கேரளாவுக்குத் திரும்புகிற வேகத்தில் குறுக்கே மாட்டிக்கொண்டு, முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் நின்றது. அரை மணி நேரம் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, இதை யாரோ ஒருவரிடம் விட்டுவிட்டு வருவதா என்று எனக்குள்ளே தகராறு நடந்தது.

தொப்பம்பட்டி பஸ் நிறுத்தத்துக்கு அருங்காட்சியகக்காரரின் மனைவி ஸ்கூட்டியில் வந்திருந்தார். "ஏனுங்க டீச்சர், நெசமாவே இதைப் பாக்கவா இத்தனை தூரம் வந்தீங்க? நானே உள்ள போயி ஆறு மாசம் ஆச்சுங்க" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே வண்டியை ஓட்டினார். எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது.

அருங்காட்சியகம் என்பது தேங்காய் போட்டு வைக்கிற கொட்டகை. பாதியில் இன்னும் தேங்காய்தான் குவிந்து கிடந்தது. மறு பாதியில் குதிரை. சுவரெல்லாம் லாடங்கள், சின்னதிலிருந்து பெரியது வரை ஆணியில் வரிசையாகத் தொங்கின. கண்பட்டைகள், கழுத்து மணிகள், கொள்ளு கட்டிவிடுகிற சாக்குப் பை, வண்டி விளக்கு. பிறகு படங்கள், முப்பது நாற்பது இருக்கும். அருங்காட்சியகக்காரருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கலாம். தையல்காரர் மாதிரி கழுத்தில் ஒரு இஞ்சி டேப் தொங்கியது. யாரைப் பார்த்தாலும் அளந்துவிடுவார் போல என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ராவுத்தர் வீடுங்களா? அப்ப குதிரைக்காரங்க வீடு. உங்களுக்கு நான் என்னத்தச் சொல்லிக் குடுக்கறது?"

"நான் குதிரைமேல ஏறுனதே இல்ல தம்பி. பாடந்தான் எடுத்திருக்கேன். இது தனி இனம்னு எதை வச்சுச் சொல்றீங்க? குட்டை அப்பன் ஆத்தாளுக்குக் குட்டைதான் பிறக்கணும். எத்தனை தலைமுறை பாத்தீங்க?"

அந்த மனுஷனுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "ஏப்பா! இத்தனை நாள்ல மொத மொத இதை நீங்கதானுங்க கேக்கறீங்க. மத்தவங்க எல்லாம் செல்பி எடுக்கோணும்னு தானுங்க வருவாங்க" என்று ஒரு நோட்டை எடுத்துவந்தார். தோப்பில் அவர் வளர்க்கிற குதிரைகளுக்குப் பிறந்த குட்டிகளின் உயரம், குளம்பின் அகலம், காதின் நீளம் எல்லாம் எழுதி வைத்திருந்தார். உயரம் மட்டும் போதாது, குளம்பும் காதும் மாறாமல் வருகிறது, பழைய படங்களிலும் அதே காது இருந்தால் தன் கட்சி ஜெயிக்கும் என்பது அவருடைய வாதம். அதற்குத்தான் படம் கேட்கிறார். கேட்கக் கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. உருப்படியாக யோசிக்கிற ஒரு ஆள் ஒரு தேங்காய்க் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறாரே என்று நினைத்தேன்.

நடுவில் ஆள் உயரத்துக்குப் பலகையில் வெட்டி வெள்ளைச் சாயம் அடித்த ஒரு குதிரை நின்றது. உடம்பெங்கும் பச்சைப் பொட்டும் சிவப்புப் பொட்டுமாக இருந்தது.

"இதெல்லாம் சுழிங்க. மயிரு சுத்தி வருமில்லைங்களா, அந்த எடம். பச்சை நல்ல சுழி. செவப்பு ஆகாத சுழி. குதிரை வாங்கறவங்க பல்லைப் பாக்கறதுக்கு முந்தி இதைத்தான் பாப்பாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கே தலையில் இரட்டைச் சுழி. இவளுக்கு ரெண்டு கல்யாணம் என்று தெருவே கேலி பண்ணும். ஒன்றே போதும் போதும் என்று ஆகிவிட்டது. அதைச் சொன்னதும் டீ கொண்டுவந்த அவர் மனைவி தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பின்னால் தோப்பில் கட்டியிருந்த பெட்டைக் குதிரையிடம் கூட்டிப்போய், அதன் நெற்றியில் என் விரலைப் பிடித்து வைத்தார் கணவர். குழந்தையின் உச்சந்தலையில் இருக்குமே, அதே சுழி. இத்தனை வருஷம் பாடம் நடத்தியும் அதை ஒருநாளும் தொட்டுப் பார்த்ததில்லை. செத்த நேரம் அதையே தடவிக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்து பையைத் திறந்தேன். படத்தைக் கண்ணாடிச் சட்டத்திலிருந்து எடுத்து வெளிச்சத்தில் வைத்ததும் அவர் பேச்சையே நிறுத்திவிட்டார். லென்ஸை எடுத்தார். காதைப் பார்த்தார், குளம்பைப் பார்த்தார், டேப்பை வைத்து ஏதோ கணக்குப் போட்டார். "இதுதானுங்க. இதே காதுதானுங்க" என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கும் பெருமையாக இருந்தது. கொடுத்துவிடலாம் என்றுகூட மனசு இறங்கியது. அப்போது லென்ஸ் அத்தாவின் கையில் வந்து நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

"ஏனுங்க டீச்சர், ஐயா எதுக்குங்க இங்க கை வெச்சிருக்காரு?"

"தடவிக் குடுக்குறாரு."

அவர் லென்ஸைக் கீழே வைத்தார். தலையைச் சொறிந்தார்.

"என்ன தம்பி? சொல்லுங்க."

தயங்கித் தயங்கி என்னைச் சுவரோரமாகக் கூட்டிப்போனார். அநேகமாக எல்லாப் படத்திலும் மனிதர்கள் குதிரையின் வாயருகே பிடித்திருந்தார்கள், இல்லையென்றால் கழுத்தில் கை போட்டிருந்தார்கள். இரண்டே இரண்டு படத்தில் மட்டும் கை கன்னத்தில் இருந்தது. கண்ணுக்குக் கீழே, விரல்கள் ஒட்டி, அகலமாக. பிறகு அவர் பலகைக் குதிரையைக் கையால் காட்டினார். அதே இடத்தில் சிவப்புப் பொட்டு. பக்கத்தில் சின்ன எழுத்தில், 'இந்தச் சுழி உள்ள குதிரையை வைத்திருப்பவரின் மனைவி விதவை ஆவாள்' என்று எழுதியிருந்தது.

"கண்ணீர் எறங்கற எடமுங்க. அதனால இது இருந்தா ஒருத்தரும் வாங்க மாட்டாங்க. விக்கறதுக்குப் படம் அனுப்பறவங்க இப்படித்தான் கை வெச்சு மறைப்பாங்க. இதைக் கை வெச்ச படம்னே நாங்க சொல்றதுங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"எங்கத்தா ஊரை ஏமாத்துனாருங்கிறீங்களா?"

"ஐயையோ, அப்படிச் சொல்லலைங்க..."

"வேற எப்படிச் சொல்றீங்க? இதுக்குத்தான் என்னைய இம்புட்டுத் தூரம் வரச் சொன்னீங்களா?" என்று படத்தை வெடுக்கென்று எடுத்துச் சட்டத்தில் திணித்தேன். அவர் மனைவி அவரை முறைத்தார். அவர் அப்படியே குறுகிப்போய் நின்றார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரைக்கும் போய்விட்டேன். ஆனால் கால் அதற்கு மேல் போகவில்லை. ஐம்பத்து மூன்று வருஷமாக நான் பிடித்துக்கொண்டிருந்த கை அது. அது தடவிக்கொடுத்ததா, மறைத்ததா? இது தெரியாமல் பஸ் ஏறி வீட்டுக்குப் போய் அந்தப் படத்தை மறுபடி மாட்டி வைத்து என்ன செய்வது?

வாசலில் நின்றபடியே அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மா போனில் பேசினால் பக்கத்து ஊருக்கே கேட்கும். ஸ்பீக்கர் போடவே தேவையில்லை.

"கண்ணாடி மாத்தியாச்சா?"

"நான் கடையில இல்லம்மா. தொப்பம்பட்டியில இருக்கேன்."

"கண்ணாடி மாத்த அம்புட்டுத் தூரமா?"

பொய்யை ஒப்புக்கொண்டேன். திட்டு வாங்கினேன். பிறகு கேட்டேன். "அத்தா படத்துல குதிரை கன்னத்துல கை வச்சிருக்காருல்ல. அது எதுக்கும்மா?"

போனில் எதிர் வீட்டுக் குக்கர் விசில் மட்டும் கேட்டது.

"யாரு கேட்டா?" என்றாள் அம்மா.

என்ன கேட்கிறாய் என்று கேட்கவில்லை. யார் கேட்டது என்று கேட்டாள்.

"அப்ப நெசந்தானா? அங்க சுழி இருந்துச்சா? விக்கிறதுக்கு எடுத்த படமா அது?"

"விக்கவா! அதை விக்கச் சொல்லி ஒங்கத்தாவைப் பெத்த உம்மாவே தலைதலையா அடிச்சுக்கிட்டாங்க. கேட்டாராக்கும்? அது எனக்கு அனுப்புன படம்டி. பொண்ணு கேட்டு அனுப்புனது. மாப்பிள்ளைக்குச் சொத்துன்னு என்ன இருந்துச்சு, அந்த வண்டியும் குதிரையுந்தான். என்னைப் பெத்தவரு நாளும் பொழுதும் ஓதுறவரு. சகுனம் பாக்குறது பாவம்னு ஊருக்கெல்லாம் சொல்லுவாரு. குதிரை வாங்கப் போனா மட்டும் மொதல்ல கண்ணுக்குக் கீழதான் பாப்பாரு. சுழி தெரிஞ்சா என்னைக் குடுத்திருப்பாரா?"

"அப்ப ஒன்னைய ஏமாத்திட்டாரு."

"ஏமாத்துனாரு. மூணு நாளு."

அருங்காட்சியகக்காரரும் மனைவியும் கொட்டகைக்குள் அசையாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களைப் பார்க்கவில்லை.

"மூணாம் நாளு அதுக்குப் புல்லுப் போடப் போனேன். பின்னாடியே ஓடியாந்து, படத்துல இருக்குல்ல, அதே மாதிரி கைய வச்சுக்கிட்டு நின்னாரு. நானும் நின்னேன். எம்புட்டு நேரந்தான் வச்சிருப்பாரு? எடுத்துட்டாரு. 'ஒங்க வீட்டுக்குப் போறதா இருந்தா சொல்லு, இதே வண்டியில கொண்டாந்து விடுறேன். ஆனா இதை வெரட்ட மாட்டேன்'னாரு. அழுதுருவாரு போல இருந்துச்சு. கொல்லையில மருதாணி நின்னுச்சா, போய் இலையப் பறிச்சு அரைச்சுச் சுழி தெரியாம மேல அப்புனேன். ஒரு பக்கம் மட்டும் வச்சா கேப்பாங்கன்னு ரெண்டு பக்கமும் வச்சேன்."

அழகுக்கு வைத்தாள் என்றல்லவா இத்தனை காலமும் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அருங்காட்சியகக்காரர் மெதுவாகப் பக்கத்தில் வந்து, தனக்குள் சொல்கிற மாதிரி, "ஆனா ஐயா சின்ன வயசுலயே தவறிட்டாருங்களே" என்றார். அம்மாவுக்கு அது கேட்டுவிட்டது.

"யாருப்பா அது? அந்த மாசம் எங்க தெருவுல மஞ்சக்காமாலையில நாலு பேரு மௌத்தானாங்க. நாலு வீட்டுலயுமா குதிரை நின்னுச்சு?"

"இல்லைங்கம்மா" என்றார் அவர், வகுப்பில் எழுந்து நின்ற பையனைப் போல.

அந்தச் சிவப்புப் பொட்டுக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொன்னாள் அம்மா. அவர் படிக்கவே கூசினார். நான்தான் படித்தேன்.

"எனக்கு ஆச்சு. ஆனா அதால ஆகல. அதை அழிச்சுட்டு எழுதச் சொல்லு. படத்தைக் குடுத்துட்டு வா. அந்தப் பொட்டுக்கிட்டயே மாட்டட்டும். கை வச்சது யாருன்னும் எழுதணும். சும்மா குதிரை, காதுன்னு எழுதக் கூடாது" என்று வைத்துவிட்டாள்.

படத்தைக் கொடுத்தேன். அதற்கு முன்னால் அவர் மனைவியின் போனில் பெரிதாகப் படம் பிடித்து என் போனுக்கு அனுப்பிக்கொண்டேன். அவர் பலகையைச் சுரண்டி, என்ன எழுதட்டும் என்று கேட்டார். சாக்பீஸை வாங்கி நானே எழுதிக் காட்டினேன்: 'இந்தச் சுழியுடைய குதிரையை ஒரு வண்டிக்காரர் கடைசிவரை விற்கவில்லை. படத்தில் அதை மறைத்திருப்பது அவருடைய கை.' பேர் போட வேண்டாமா என்றார். அது எங்கள் வீட்டுக்குத் தெரிந்தால் போதும் என்றேன். பஸ் நிறுத்தம்வரை இருவருமே வந்து ஏற்றிவிட்டார்கள். காதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை அவர்.

சாயங்காலம் அசர் தொழுகை முடிகிற நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தேன். அம்மா முருங்கைக்கீரையைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுவரில் படம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. இருவருமே அதைப் பார்க்காத மாதிரி இருந்தோம். எனக்கு ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. வெட்கத்தை விட்டுக் கேட்டேவிட்டேன்.

"அந்தப் பெருநாளைக்கு அதுக்கு வச்சியே. எனக்கு ஏம்மா வைக்கல?"

அம்மா நிமிரவில்லை. "பெருநாளைக்குத் துக்கம் கேக்க ஊரே வீட்டுக்கு வந்துச்சு. அது கன்னத்தை ஒருத்தி பாத்திருந்தாலும் போச்சு. இதுதான் முழுங்குச்சுன்னு அன்னிக்கே அடிச்சு வெரட்டியிருப்பாங்க. அவரு வெரட்ட மாட்டேன்னு சொன்னதாச்சே." ஒரு கொத்தை உருவிப் போட்டாள். "மரத்துல இலை அம்புட்டுத்தான் இருந்துச்சு. ஒனக்கு அடுத்த வருசம் வைக்கலாம்னு விட்டேன்."

"அடுத்த வருசம் வச்சியா?"

"வச்சேன்ல. ரெண்டு கையிலயும்."

"எனக்கு ஞாபகமே இல்லையே."

"வச்சதெல்லாம் எவளுக்கு ஞாபகம் இருக்கு?" என்று சொல்லி, ஒரு கைப்பிடிக் கீரையை என் பக்கம் தள்ளினாள்.